கறுப்புக் கட்டம் போட்ட படக்கதை

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் மொரிஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து சன்னலோரப் பெஞ்சில் உட்காருவார். இடக்கையில் நீள ரொட்டி, வலக்கையில் படக்கதைப் புத்தகம். மொரிஸ் எங்கள் தோல் தொழிற்சாலையின் மேஸ்திரி. ஐம்பத்தெட்டு வயது, பேரன் எடுத்தவர், அவர் இருமினாலே பட்டறை அடங்கிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, பூதமும் இறக்கை முளைத்த பாம்பும் போட்ட கெட்டி அட்டைப் புத்தகத்தை வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் புரட்டிப் படிப்பார். இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்த முதல் வாரம், பேச்சுக் கொடுக்கலாமே என்று, பேரனுக்கு வாங்கினீர்களா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டுவைத்தேன். மொரிஸ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "அவனுக்குப் பதினான்கு வயதுதான். இது அவனுக்குப் புரியாது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஜவ்வாது மலையில் ஒரு பெரிய மனிதர் இப்படி உட்கார்ந்திருந்தால், அன்றைக்கே வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்திருப்பார்கள்.

எங்களுக்கும் படக்கதைப் பித்து இருந்தது, ஆனால் அதைத் திருட்டுச் சாமான்போல ஒளித்து வைத்திருந்தோம். நாங்கள் என்றால் நானும் தங்கை மல்லிகாவும். எழுபதுகளில் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் பழைய பேப்பர்க்காரர் ஒருவர் கோணி விரித்து உட்காருவார். அப்பா சாமையும் புளியும் விற்கிற நேரத்தில் நாங்கள் அந்தக் கோணியைக் கிளறுவோம். மாயாவியும் மந்திரவாதியும் வருகிற புத்தகங்களுக்கு அட்டை இருக்காது. சில சமயம் கடைசி நாலு பக்கமும் இருக்காது, ஏற்கெனவே கடலை மடிக்கப் போயிருக்கும். மல்லிகா அப்போதே வாயாடி. மந்திரவாதிகளின் மேல் அவளுக்கு ஒரே ஒரு புகார்தான்: எவனும் சாப்பிடுவதில்லை. "ஏழு நாளா குகையில கீறான், ஒரு வாய் கூழாவது குடிச்சானாண்ணா?" என்பாள். பிறகு நான் வாணியம்பாடிக்குத் தோல் வேலைக்குப் போனேன், அங்கிருந்து ஒரு பிரெஞ்சு முதலாளியின் கண்ணில் பட்டு இங்கே வந்து விழுந்தேன். அவள் ஜமுனாமரத்தூரிலேயே பால்வாடி டீச்சர் ஆனாள்.

மொரிஸ் எனக்கும் புத்தகம் இரவல் தர ஆரம்பித்தார். பாந்த் தெசினே என்பார்கள் இங்கே படக்கதையை, அதற்கென்று தனிக் கடையே இருக்கிறது, கோட்டுப் போட்ட வக்கீல்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாளும் மந்திரமும் வருகிற மாயக்கதைகள் எனக்கு ஒட்டவே இல்லை. பனிமலையில் அரை முழத் துணியோடு ஒருத்தி சண்டை போடுகிறாள், ஒரு தும்மல் இல்லை. குள்ளர்கள் என்று தாடி வைத்த ஆட்களைப் போடுகிறார்கள், எல்லோர் கையிலும் கோடரி. எங்கள் மலையில் குள்ளர் வீடு இருக்கிறது, நாலு பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடியது, பக்கத்தில் ஒரு பொத்தல், நானே உள்ளே தவழ்ந்திருக்கிறேன் என்று மொரிஸிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். செத்துப்போய்விட்டார்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி வருத்தம் தெரிவித்தார்.

இருண்ட கதைகள் வேறு. உலகம் கெட்டுப்போன பிறகு நடக்கிற நாவல்களையும், செத்தவர்கள் நடமாடுகிற படக்கதைகளையும் நான் விழுந்து விழுந்து படித்தேன். பயந்த சுபாவம் எனக்கு, கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஜாதி. இங்கே வந்த பிறகு எதற்கு என்று தெரியாமலே ஒரு பயம் கூடவே குடியிருந்தது. அந்தப் புத்தகங்களைப் படிக்கிறபோது, நம்மைப்போல் இன்னொருத்தனும் பயந்துகொண்டிருக்கிறான் என்று சற்றே ஆறுதல். ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாவலில் சூரியன் உதிப்பது நின்றுபோகிறது, சனங்கள் ஆளுக்கொரு அட்டையோடு எண்ணெய்க்கும் மாவுக்கும் நாள் முழுக்க வரிசையில் நிற்கிறார்கள். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று மொரிஸ் மாய்ந்து போனார். எங்கள் ஊரில் அதற்கு ரேஷன் கடை என்று பெயர்.

படித்ததை மல்லிகாவோடு பேசாவிட்டால் எனக்குப் படித்த மாதிரியே இருக்காது. அதனால் ஒரு வேலை செய்தேன். பிடித்த படக்கதையைக் கடையில் ஒரு பிரதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, பேச்சுக் குமிழிகளின் அளவுக்கு வெள்ளைத் தாளை வெட்டி, தமிழில் எழுதி, ஒவ்வொன்றாக ஒட்டி அவளுக்கு அனுப்பினேன். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மாதம் ஆகும். புத்தகம் மட்டும் என்றால் தபாலில் சல்லிசு, ஆனால் உள்ளே கடிதம் வைக்கக் கூடாது. கடிதத்தைத் தனியாகப் பின்னால் போடுவேன். அவளிடமிருந்து நாலு பக்கத்துக்கு விமர்சனம் வரும். பேய் ஏன் எப்போதும் பணக்காரன் வீட்டிலேயே குடியிருக்கிறது என்று ஒரு முறை கேட்டிருந்தாள். உலகம் அழிந்தபோது ஆடு மாட்டை யார் அவிழ்த்துவிட்டார்கள் என்று இன்னொரு முறை. பத்திரிகையில் எழுதுகிற பண்டிதர்கள் அவளிடம் டியூஷன் படிக்கலாம்.

நான்காவதாக அனுப்பியதுதான் அந்தப் புத்தகம். மொரிஸ் அதைத் தலைசிறந்தது என்றார், எனக்கும் அப்படித்தான் பட்டது. செத்துப்போன ஒருவன், செத்தது தெரியாமல், மலையேறித் தன் ஊருக்கு நடந்து போகிறான். அட்டை முழுக்கக் கறுப்பு. உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கட்டம். ஓவியருக்கு அது அழகு. முதல் பக்கத்தில் கட்டத்துக்குள் வெறும் வெள்ளை இடம் விட்டிருந்தார்கள். இரண்டு மாத உழைப்பு முடிந்த மமதையில் நான் அந்த இடத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: கோவிந்தன். அதன் கீழே தேதி. பக்கத்திலேயே கதையின் முதல் வரி, என் கையெழுத்தில்: "அவன் செத்து மூன்று நாள் ஆகிறது." கட்டிக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். பின்னால் போட வேண்டிய கடிதத்தை, நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து மொரிஸின் மேசையில் ஒரு உறை கிடந்தது, நாலு ஓரமும் கறுப்பு. அவருடைய அத்தை இறந்துபோன அறிவிப்பு. இங்கேயும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நான் அனுப்பிய கறுப்புப் புத்தகம் எனக்கு நினைவுக்கு வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல காரியத்துக்கு மஞ்சள் தடவின கடுதாசி, சாவுக்குக் கறுப்பு ஓரம் போட்ட கடுதாசி. கறுப்பு ஓரத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலுக்கு வெளியிலேயே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார்கள். கதை என்று மல்லிகாவுக்குத் தெரியும். ஆனால் பார்சல் அவள் கையில்தான் போய்ச் சேரும் என்று யார் சொன்னது? அவள் ஊரில் இல்லாவிட்டால் தபால்காரர் அதை மலைக்குள் அப்பா அம்மா இருக்கிற எங்கள் வீட்டில் கொடுத்துவிடுவார். அப்பா இரண்டாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கோவிந்தன் என்ற பெயரைக் கூட்டுவார். செத்து மூன்று நாள் என்பதையும் கூட்டுவார்.

தந்தி கொடுக்கலாம் என்று ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். எங்கள் மலையில் தந்தி என்றாலே சாவுதான், நல்ல சேதிக்கு யாரும் தந்தி அடித்ததில்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லப்போகிற தந்தியே, பிரிக்கும் முன்னால் அம்மாவை விழ வைத்துவிடும். கொடுக்காமல் இருந்தால்? அதற்கும் மனம் கேட்கவில்லை. தெருமுனையில் ஒரு மணி நேரம் அலைபாய்ந்துவிட்டு, கடைசியில் பால்வாடி முகவரிக்கு, மல்லிகா பெயருக்கே எழுதினேன்: கோவிந்தன் உயிரோடு நலம், வந்தது கதைப் புத்தகம். தபால் நிலையத்துப் பெண் அதை இரண்டு தரம் படித்தாள்.

"கோவிந்தன் யார்?" என்றாள்.

"நான்தான்."

"உங்களுக்கு ஏதாவது விபத்து நடந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் உயிரோடு இருப்பதை எதற்கு அறிவிக்கிறீர்கள்?"

செத்தவன் கதை, கறுப்புக் கட்டம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கிப் பார்த்தேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பக்கத்துத் தெருவில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். சோறு இறங்கவில்லை. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுவிட்டு எடுக்க மறந்தேன், மொரிஸ் திட்டாமல் விட்டது இன்னும் பயமாக இருந்தது. இருட்டைப் பற்றி எழுதின எந்த நாவலும் அந்த நாட்களில் எனக்கு உதவவில்லை, திறந்தாலே எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் கட்டி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பிரிக்க எனக்குப் பயமாக இருக்கும் என்று தெரிந்து தடவியிருக்கிறாள், கெட்டிக்காரி. உறையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே அழுதேன்.

பயந்தபடியே நடந்திருந்தது. மல்லிகா ஒடுகத்தூரில் பால்வாடிப் பயிற்சிக்குப் போயிருந்த வாரத்தில் பார்சல் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா வாசலில் நின்று பிரித்தார், கூட்டிப் படித்தார், கிழித்தார், புளிய மரத்தடியில் வீசிவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். உடம்பு இல்லாத சாவுக்கு எங்கள் ஊரில் வைக்கோலால் உருவம் செய்வார்கள். நான் விட்டுவிட்டு வந்த நீலச் சட்டையை அதற்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வைக்க வேண்டிய கொள்ளியை அப்பா வைத்திருக்கிறார். பஸ் கண்டக்டர் மூலம் சேதி போய் மல்லிகா மலையேறி வந்தபோது எல்லாம் முடிந்து சாம்பல் ஆறிவிட்டது. அவள் அழவில்லை. கடுதாசி எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறாள். மரத்தடியில் கிழிசல்களைப் பொறுக்கி, கஞ்சி தடவி ஒட்டி, படித்துப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் இது கதை என்று சொல்லியிருக்கிறாள். அப்பா ஒப்பவில்லை.

"கதைன்னா, எம்புள்ள பேரு இன்னாத்துக்கு அதுல கீது?" என்று கேட்டாராம்.

அடுத்த நாள் பால்வாடிக்கு வந்த தந்தியைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இன்னொரு சாவா என்று அம்மா அதைத் தொடவிடாமல் கத்தியிருக்கிறாள், மல்லிகாதான் பிடுங்கிப் பிரித்தாளாம். அதற்குப் பிறகுதான் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க எனக்குத் திட்டு. "செத்தவன் கதைக்குள்ள உன் பேரை எழுதணும்னு இன்னா உனக்கு அப்படி ஒரு ஆசை?" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் விமர்சனம். கிழிந்துபோனதில் இரண்டு பக்கம் காணவில்லை, இருந்தாலும் கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் அவ்வளவு தூரம் நடந்து வந்தவனைப் பார்த்து ஊரில் ஒருத்தர்கூட சாப்பிட்டியா என்று கேட்காதது பொய்யாம், பேயாகவே இருந்தாலும் கேட்பார்களாம்.

கடைசிப் பக்கத்தில்தான் விஷயம். நான் உயிரோடு இருப்பதில் அப்பாவுக்குச் சந்தோஷம், கோயிலுக்குப் பொங்கல்கூட வைத்துவிட்டார். ஆனால் செய்த காரியம் செய்ததுதான், அதைத் திருப்ப முடியாது என்று பூசாரியும் அப்பாவும் ஒரே பிடி. நான் ஊருக்கு வரும்போது எல்லையிலேயே நிற்க வேண்டும். அங்கே மொட்டை போட்டு, குளிப்பாட்டி, பிறந்த பிள்ளைக்குச் செய்கிறது எல்லாம் செய்து, வேறு பெயர் வைத்துத்தான் வீட்டுக்குள் கூட்டிப்போவார்கள். அதுவரை பழைய பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. "அம்மா இப்ப உன்னை பிரான்சுல கீற புள்ளன்னுதான் சொல்லுது. புதுப் பேரு எது வேணும்னு அப்பா உன்னையே கேட்டு எழுதச் சொன்னாரு" என்று முடித்திருந்தாள்.

உங்களில் யாராவது ஊருக்குப் புத்தகம் அனுப்புவதாக இருந்தால், கடிதத்தை முதலில் போடுங்கள். அதற்குமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மூடத்தனம் என்று அப்பாவைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. பிள்ளை செத்தான் என்று நம்பின மனிதர், தன் கையாலே அவனுக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார். பெயருக்காக இரண்டு காகிதம் கிறுக்கிப் பார்த்தேன். எந்தப் பெயரை எழுதினாலும் வேறு யாரோ ஒருவனுக்குக் கடிதம் எழுதுவது மாதிரி இருந்தது. இன்னும் பதில் போடவில்லை.

போன வாரம் இங்கே தங்கும் அட்டையைப் புதுப்பிக்க ப்ரெஃபெக்த்யூருக்குப் போனேன், நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. கூடம் நிறைய ஆட்கள், மொராக்கோக்காரர்கள், போர்த்துகீசியர்கள், எல்லோர் மடியிலும் காகிதக் கட்டு. மூன்று மணி நேரம் கழித்து, "மெசியே கொவாந்தான்" என்று ஒரு பெண் என் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது தரமும் கூப்பிட்டாள். சன்னலுக்குப் போனேன். அவள் போட்டோவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இது நீங்கள்தானே என்று கேட்டாள். ஊரில் அந்தப் பெயருக்குக் கொள்ளி வைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. நான்தான் என்றேன். முத்திரை குத்தி அட்டையைத் தள்ளினாள். மூன்று வருஷத்துக்குச் செல்லும் என்றாள்.