சுன்னாகத்து ஊசியும் என் வலது கையும்

காலை ஆறரைக்கு எங்கள் மீன்பிடி ஊரான குருநகரில் இருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காங்கேசன்துறை பஸ் ஏறினேன். சுன்னாகத்துக்கு ஆறு மைல் இருக்கும், எழுபது ரூபா எடுத்தார்கள். முந்தி இந்த வழியில் காங்கேசன்துறை ஆலையின் சீமெந்து லொறிகள் ஓடும். றோட்டோரத்து வாழை இலையெல்லாம் சாம்பல் பூசினது போல நிற்கும். இப்போது மதிலுக்கு மதில் ரியூசன் விளம்பரம்.

போன காரியம் அக்குபங்சர் என்கிற ஊசி வைத்தியம். எனக்குப் பாக்கின்சன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, விழுங்கக் குளிசை தந்திருக்கிறார்கள். வலது கை மடியில் கிடந்து பீடி சுற்றுவது போல ஆடும். ஞாயிற்றுக்கிழமை, எங்களோடு இருக்கும் மகளின் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளையைத் தாயின் தகப்பன்தான் கோயிலில் ஏந்திப் பிடிக்க வேண்டும். என் மனைவியோ, விழுத்திப் போடுவேன் என்று, பிறந்ததில் இருந்து பிள்ளையை என்னிடம் தரவில்லை.

எட்டு மணிக்குச் சுன்னாகம். சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்னறையில் வைத்தியம். அங்கேயும் வெங்காய மணம். தோள் வலிக்கு வந்திருந்த ஏழாலையில் வெங்காயம் பயிரிடும் தோட்டக்காரர் ஒருவர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன்.

"அண்ணை, பிடிச்ச மீன் இன்னும் கையுக்கை துடிக்குது போல?"

"ஓம். சந்தையிலை யாவாரம் செய்யிற உங்களிட்டைக் காட்டினால் அதுக்கும் விலை பேசுவியள்."

சிரித்து, தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

உள்ளே கூப்பிட்ட டொக்ரர் நடுத்தர வயதுப் பெண். கையைப் பார்த்துவிட்டு, "காலமைக் குளிசை போட்டனீங்களோ ஐயா?" என்றார்.

"இல்லைப் பிள்ளை. ஊசிக்குப் பத்தியம் இருக்கிறன். வெறும் வயிறு."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ரெண்டு மருந்து ஒரு உடம்பிலை சண்டை பிடிக்குமெண்டு நானாத்தான்."

"ஊசி குளிசைக்குப் பதில் இல்லை ஐயா. அதை நிப்பாட்டினால் நான் ஊசி போடமாட்டன். முதல் குளிசையைப் போட்டுட்டு ஏதும் சாப்பிடுங்கோ."

குளிசை சட்டைப் பையில்தான் இருந்தது. தோட்டக்காரர் முன்கடையில் பணிசும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார்.

பிறகு ஊசி. மயிர் போல மெல்லியது. பெருவிரல் இடுக்கில், மணிக்கட்டில், காலில், உச்சந்தலையில் குத்தினார். ஒருமுறை மண்டைதீவுக் கடலில் திருக்கை முள் கெண்டைக்காலில் ஏறியது. என் தகப்பன் சுடுதண்ணீருக்குள் காலை அமத்திப் பிடித்திருக்க, நான் கத்தி ஊரைக் கூட்டினேன். அதற்குப் பக்கத்தில் இது எறும்பு நடந்தது போல.

"இதாலை நடுக்கம் நிக்குமோ பிள்ளை?"

"சில பேர் குறையுது எண்டினம். சில பேருக்கு ஒண்டுமில்லை. நான் சத்தியம் பண்ணமாட்டன்."

படுத்துக்கிடந்து கையையே பார்த்தேன். மெல்ல மெல்ல அடங்கியது. ஊசியோ, குளிசையோ, பணிசோ என்று கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் சொன்னேன்.

"ஒருக்காலும் தூக்கிப் பாக்கேல்லையோ? கதிரையிலை இருந்துகொண்டு, பக்கத்திலை ஆளை வைச்சுத் தூக்கிப் பாருங்கோ."

பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ். இருக்க இடம் கிடைத்தது, கையும் பழையபடி ஆடத் தொடங்கியது. இணுவிலில் சனம் நெரிந்து ஏறியது. எங்கள் பஸ்களில் நிற்பவரின் பையையும் பிள்ளையையும் இருப்பவர் வாங்கி வைத்திருப்பது வழக்கம். யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒரு பெண் தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"தங்கச்சி, என்ரை கை…"

"ஒருக்காப் பிடியுங்கோ அப்பு, விழப்போறன்," என்று மேல் கம்பியைப் பிடித்தாள்.

இரண்டு கையாலும் அணைத்தேன். கோண்டாவில் கழிந்தபிறகுதான் குனிந்து பார்க்கத் துணிவு வந்தது. பிள்ளையின் வயிற்றில் என் வலது கை கிடந்தது. ஆடவில்லை. பிள்ளை என் பெருவிரலைப் பிடித்தபடி நித்திரை. பஸ்தான் ஆடியது.

நிலையத்தில் தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். வெறுங்கை முழங்காலுக்கு வந்தது. திரும்பவும் பீடி சுற்றத் தொடங்கியது.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். "ஊசி வேலை செய்ததோ?"

"தெரியாது," என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "பிள்ளையைக் கொண்டு வா. நீ பக்கத்திலை நில்."