தறியில் தொங்கிய டைட்டானியம்

என் பைக்கின் போல்ட்டுகள் துருப்பிடித்ததற்கு மழை காரணமில்லை. சாயப்பட்டறையிலிருந்து பட்டு நூல் கட்டுகளை ஈரம் சொட்டச் சொட்ட அப்பா அதில்தான் ஏற்றிக்கொண்டு வருவார். சாயத் தண்ணீர் இறங்கி இறங்கி, போல்ட் தலைகளெல்லாம் நமுத்துப்போன முறுக்கு மாதிரி ஆகிவிட்டன.

இன்ஜினியரிங் படித்தவன் சும்மா இருப்பேனா? ஆன்லைனில் டைட்டானியம் போல்ட் செட் ஆர்டர் போட்டேன். பார்சல் வருவதற்கு முன்பே வீட்டில் என் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது. "துருவே பிடிக்காது. கடல்ல போட்டாலும் பிடிக்காது. கனம் இரும்புல பாதிதான்." அம்மா தறியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பாதியை மட்டும்தான் கேட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு திருமலைக்கு பைக்கில் போவதாகத் திட்டம். புது போல்ட்டோடு போய் இறங்கியே ஆக வேண்டும். சனிக்கிழமை காலையில் பழசையெல்லாம் மல்லுக்கட்டிக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டேன். கடைக்குப் போய் கிரீஸ் வாங்கி வந்தால், புது போல்ட் பெட்டி காலி.

"அம்மா, என் போல்ட்டு எங்க?"

"தறில கட்டிக்கீறேன்."

ஜக்கார்டு தறியில் ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் கனத்துக்கு ஒரு இரும்புக் கம்பி தொங்கும். மேலே போன இழை திரும்பி இறங்க அந்தக் கனம் வேண்டும். அம்மாவின் தறியில் சில கம்பிகள் துருவேறிவிட்டன. அறுந்த கயிற்றை முடிச்சுப் போடும்போது துரு விரலில் ஒட்டும், விரலிலிருந்து பட்டில் ஒட்டும். நெய்துகொண்டிருந்ததோ கல்யாணப் புடவை. துருவே பிடிக்காத சாமான் வீட்டுக்குள்ளேயே வந்து இறங்கியிருக்கும்போது அவள் யாரைக் கேட்க வேண்டும்?

குனிந்து பார்த்தேன். மயில்கழுத்து நிறத்தில் என் போல்ட்டுகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின.

"எதுக்கும்மா ரெண்டு ரெண்டா?"

"ஒண்ணு கட்டினா இழை எறங்கவே மாட்டேங்குது. காசு குடுத்து கனமே இல்லாத சாமான வாங்கிகினு வந்துக்கீற. உன்ன நல்லா ஏமாத்திட்டான்டா."

"கனம் இல்லாததுக்குத்தாம்மா காசே!"

இழைக்குள் ஓடும் நாடாக்கட்டையை நிறுத்திவிட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஜரிகையை எடை போட்டு வாங்குகிற வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"நாளைக்கு வண்டி எடுக்கணும். அவுத்துக் குடும்மா."

"முந்தானைல அன்னம் பாதி உடம்போட நிக்குது. இப்ப அவுத்தா கழுத்து வராது. பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட நீ போயி பேசுவியா? அதே கனத்துக்கு வேற எதனா ஜல்தியா கொண்டா. மாத்திக் கட்டிட்டுத் தரேன்."

பழைய போல்ட் டப்பாவை நீட்டினேன்.

"ஐயோ, துரு! பட்டுகிட்ட கொண்டாராத!"

வேறு வழி? புளியில் ஊறவைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க அக்காவின் நகப்பூச்சை அடித்தேன். அவளிடம் இருந்தது ரோஸ் கலர் மட்டும்தான். பழையது ஒன்று, புதியது இரண்டுக்குச் சரியான கனம். சாயங்காலத்துக்குள் அன்னத்துக்குக் கழுத்து வந்துவிட்டது. என் டைட்டானியமும் கைக்கு வந்துவிட்டது.

அப்பா ஒரு ரோஸ் போல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "புதுசாட்டம் கீதே. இதையே வண்டில போட்டிருக்கலாமே?"

ஸ்பேனரைத் தேடுவது போல வாசலுக்கு நழுவினேன்.

மறுநாள் திருமலை அடிவாரத்தில் நண்பர்கள் வண்டியைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தடவினார்கள்.

"சூப்பரா கீது மச்சான். மொத்தமா எவ்ளோ கனம் கொறஞ்சிது?"

"கால் கிலோ இருக்கும்" என்றேன் பெருமையாக.

"அதுக்கு இவ்ளோ பேஜாரா? காலைல நாலு இட்லி கொறச்சித் துன்னுருக்கலாமேடா!"