நிம்மதி கேட்டேன், அவர் கொடுக்கவில்லை

சகோதர சகோதரிகளே, என் கஷ்டத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெரிய வியாதி எதுவும் இல்லை, கோர்ட்டு வழக்கும் இல்லை. செய்து முடித்த வேலையை நம்ப முடியாமல் போனதுதான் என் கஷ்டம். ஆனால் அது என்னைச் சாகடித்துக்கொண்டிருந்தது.

ஜார்ஜ்டவுனில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் நான் எலெக்ட்ரீஷியன். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். விளக்கு, லிஃப்ட், ஏர்கான், எது நின்றாலும் எங்களைத்தான் தேடுவார்கள். வீடு புக்கிட் மெர்தாஜாமில். தினமும் மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் வந்து, கடலைக் கடக்கும் பெர்ரியில் ஏறி வேலைக்குப் போவேன். பல வருஷமாக அந்த வேலையை விசிலடித்துக்கொண்டு செய்தவன் நான்.

போன வருஷம் சீனப் புத்தாண்டு முடிந்த சமயம். வேறொரு கட்டடத்தில் வேலை பார்த்த, எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு மின்சாரம் தாக்கிக் கை கருகிப்போனது. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருந்தார் என்றார்கள். அந்தப் பேச்சு என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஒழுங்காகச் செய்தவருக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்?

அதிலிருந்து பிடித்தது சனியன். மின்சாரப் பேனல் கதவைச் சாத்திவிட்டு வருவேன். படி இறங்குவதற்குள் சாத்தினேனா என்று சந்தேகம் வரும். திரும்ப ஏறுவேன். சாத்தித்தான் இருக்கும். இறங்குவேன், மறுபடியும் சந்தேகம். ஒரு சாயங்காலம் பெர்ரி வரிசையில் நின்றவன், வண்டியைத் திருப்பிக்கொண்டு கட்டடத்துக்கே போனேன். காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. "என்னங்க, படுத்தும் கால ஆட்டிக்கிட்டே இருக்கீங்க, கட்டிலே ஆடுது" என்று என் மனைவி ஜெயா சலித்துக்கொள்வாள். சூப்பர்வைசர் லிம் நல்ல மனிதர். அவரே ஒருநாள், இப்படியே போனால் உன்னை ஆபீசில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று மலாயில் சொல்லிவிட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். என் முன்கோபம் உங்களுக்குத் தெரியாததா?

ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்கிறீர்கள்! "ஆண்டவரே, இந்தத் தவிப்பை எடுத்துப்போடும்" என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுகொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஜெயா உபவாசம் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் எல்லார் ஜெபத்தையும் கேட்கிறவர் என் விஷயத்தில் மட்டும் காதைப் பொத்திக்கொண்டாரா என்று கேட்டேன். கேட்டதற்கு அவர் என்னை மன்னிக்கட்டும்.

இந்த இடத்தில் அருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர். பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலையில் இருந்தவரை நான்தான் எங்கள் கட்டடத்துக்குக் கூட்டி வந்தேன். அவர்களுக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். "அண்ணே, கரண்டு வேலன்னா எனக்குப் பயமா இருக்கு. நீ கூட இருக்கேன்னுதான் அனுப்புறேன்" என்று தங்கை என்னிடம் சொல்லியிருந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் கட்டடத்தில் ஷட்டவுன் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேனல்களைத் திறந்து தூசி துடைத்து, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்குவோம். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்ததும், உள்ளே கைவைக்கப் போகிற ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டுவார். சாவி அவரவர் பாக்கெட்டில் இருக்கும். அவர் வந்து திறக்காமல் யாராலும் சுவிட்சைப் போட முடியாது. சாவி பாக்கெட்டில் இருக்கிறது என்றால் எங்களுக்கு அவ்வளவு தைரியம்.

அன்று காலை பெர்ரியில் கம்பியைப் பிடித்தபடி ஜெபித்தேன். "ஆண்டவரே, இன்றைக்கு நான் எதையும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டேன். உம்மை நம்புகிறேன். எனக்கு நிம்மதி தாரும்." ஜெயாவிடமும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன், அதை அருளிடமும் சொல்லியிருந்தேன். திரும்பத் திரும்பப் பார்ப்பது அவிசுவாசம் என்றே நினைத்திருந்தேன்.

கீழ்த்தளத்துக் கடைகளுக்கு மின்சாரம் போகும் பேனல் எனக்கும் அருளுக்கும் வந்தது. மெயினையும், ஒவ்வொரு கடைக்கும் போகும் சின்ன சுவிட்சுகளையும் அணைத்தோம், மெயினில் ஆளுக்கொரு பூட்டு மாட்டினோம். மின்சாரம் இருந்தால் விளக்கெரிந்து கூவும் டெஸ்டரை வைத்து மேலே, கீழே எல்லா இடத்திலும் பார்த்தோம். பேனல் செத்துக் கிடந்தது. ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் பாதி வேலையை முடித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டோம். அருள் ஜோக்கடித்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ உலுக்குவது மாதிரி இருந்தது.

திரும்பி வந்ததும் அருள் ஸ்பேனரை எடுத்தார். "மாப்ள, இரு. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிடுறேன்" என்றேன்.

"மச்சான், ஆரம்பிச்சிட்டீங்களா! காலையிலதானே பாத்தோம்? பூட்டு ரெண்டும் மாட்டியிருக்கு, சாவி நம்ம பாக்கெட்டுல இருக்கு. கரண்டு என்ன செவுத்த ஏறிக் குதிச்சா வரும்? ஜெயா அக்காகிட்ட காலையில என்னா சொல்லிட்டு வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கும் அந்தப் பக்கம்தான். டெஸ்டரைக் கீழே வைத்தேன். "ஆண்டவரே, நிம்மதி தாருமே, ஒரே ஒரு நிமிஷம்" என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். நிம்மதி வரவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மானம் போனால் போகிறது என்று டெஸ்டரை எடுத்துவிட்டேன்.

மேலே, நாங்கள் பூட்டியிருந்த பக்கத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை.

"பாத்தாச்சா? இப்ப நிம்மதியா?" என்று சொல்லிக்கொண்டே அருள் குனிந்து, கீழே கடைகளுக்குப் போகும் கேபிள்களின் பக்கம் கையை நீட்டினார்.

"கைய எடுடா!" என்று கத்தினேன். தங்கை கணவரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, அவர் தொடப்போன கடைசிக் கேபிளில் டெஸ்டரை வைத்தேன்.

விளக்கு எரிந்தது. டெஸ்டர் கூவியது.

இருவரும் அந்தக் கேபிள் போகும் கடைக்கு ஓடினோம். உறைய வைத்த மீனும் ஐஸ்கிரீமும் விற்கிற கடை அது. சரக்கு கெட்டுவிடும் என்று பயந்து, நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் வாடகைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்து, கடையிலிருந்த ஒரு பிளக்கில் இணைத்துவிட்டிருந்தார்கள். அந்த மின்சாரம் கடைக்குள் மட்டும் நிற்காமல், கேபிள் வழியாக எங்கள் பேனலுக்கே திரும்பி வந்திருந்தது. நாங்கள் பூட்டியது மேலிருந்து வரும் வழியை. இது கீழிருந்து வந்து, அணைத்து வைத்திருந்த கடைச் சுவிட்சோடு நின்றதால் மேலே டெஸ்டரில் தெரியவில்லை. எங்கள் பூட்டு என்ன செய்யும்?

"அண்ணே, கொஞ்ச நேரந்தானேன்னு நெனச்சோம்லா. ஃப்ரீஸருக்கு மட்டுந்தான் போகும்னு நெனச்சோம்" என்று அந்தக் கடையில் இருந்த அக்கா அழுதார். அவரைத் திட்டத்தான் ஓடினேன். ஆனால் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அங்கேயே மீன் பெட்டிமேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அருள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்ததை அருளே வீட்டில் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா போன் பண்ணினாள். ரொம்ப நேரம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசியில், "அண்ணே, இனிமே எத்தன தடவ வேணும்னாலும் பாருண்ணே. யார் சிரிச்சாலும் பாருண்ணே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கேட்ட நிம்மதியை அவர் அன்று கொடுத்திருந்தால், நானும் டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு ஹாயாக நின்றிருப்பேன். என் தங்கை தாலியறுத்திருப்பாள். நான் கேட்டது கேட்கப்படவில்லை என்று புலம்பிய அந்த நேரத்தில், அவர் என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்காக, பெர்ரி வரிசையிலிருந்து திரும்பி ஓடியதெல்லாம் ஆண்டவர் செயல் என்று சொல்ல மாட்டேன். அது வியாதிதான். ஜெயா கையைப் பிடித்து இழுத்துப்போகாத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். இப்போது நன்றாகத் தூங்குகிறேன். லிம்மும் சும்மா இருக்கவில்லை. சாப்பிட்டு வந்தாலும் சரி, சிகரெட் பிடித்துவிட்டு வந்தாலும் சரி, மேலும் கீழும் மறுபடி டெஸ்ட் செய்த பிறகுதான் கைவைக்க வேண்டும் என்று எங்கள் கட்டடத்தில் விதி போட்டுவிட்டார். இப்போது முதலில் டெஸ்டரை எடுப்பது அருள்தான்.

என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "இதை எடுத்துப்போடும்" என்று மட்டும்தான் கேட்பேன். இப்போது, "எதைப் பார்க்கச் சொல்கிறீர்?" என்று கேட்கிறேன்.

நிம்மதி கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களே, அவர் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவேளை யாருக்காகவோ உங்களை உட்காரவிடாமல் வைத்திருக்கிறார். அவரை நம்பி, எழுந்து போய்ப் பாருங்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து தங்கை வீட்டில் சாப்பிட்டோம். அருள் சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு, மீனில் முள் எடுத்து எடுத்து ஊட்டினார். நான் சாப்பிடாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.