எட்டாவது பதிப்பின் ஒரு வரி

2012 நவம்பர் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. வாடைக்காற்றோடு தூறல். மன்னார் நகரில், போருக்குப் பின் மீளக்குடியேறியவர்களுக்காக இயங்கிய சிறு சங்கமொன்றின் கந்தோரில், ஓய்வூதியக்காரனான நான் சம்பளமில்லாமல் பெயர்ப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுத் திட்டத்துக்கான பட்டியல் மறுநாள் காலை பத்து மணிக்குள் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போயாகவேண்டும்.

நனைந்த சேலையோடு ஒரு விதவைத் தாய் வந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி ஒன்பது மாதம் ஆனவர்.

"ஐயா, என்ர பேர் இல்லையாம்."

"இருக்கே அம்மா, இஞ்ச பாருங்கோ."

"அது நானில்லை. அது சுங்கான் வீட்டு மகள். நான் கொடுவா வீடு."

எங்கள் கரையோர ஊர்களில் ஒரே புனிதரின் பெயர் நாலு பேருக்கு இருக்கும், தகப்பன் பெயரும் ஒத்துவரும். பட்டப்பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். எங்கள் மென்பொருளில் அதற்கென ஒரு கட்டம் இருந்தது. அரச கந்தோருக்குப் போகும் தாளில் 'சுங்கான்', 'கொடுவா' என்றிருப்பது மரியாதையில்லை என்று, மென்பொருளை எழுதிய பெண்ணிடம் சொல்லி அதை எடுப்பித்தவன் நான். புதிய பதிப்பு வந்ததும் குழப்பம் வேண்டாமென்று இரண்டு கணினியிலும் பழையதை அழித்தேன். பிறகு ஒரே பெயர் திரும்ப வந்த இடமெல்லாம், ஒருவரே இரண்டு தரம் பதிவாகியிருக்கிறார் என்று எண்ணி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். அந்தப் பெயர்க்காரர் எவருக்கும், பிரித்தறிய உதவும் அடையாள அட்டை இலக்கம்கூட இன்னும் வந்திருக்கவில்லை. 412 குடும்பம் 403 ஆனது. ஒன்பது என்பது நினைவிருந்தது, எந்த ஒன்பது பேர் என்பது நினைவில்லை. பழைய பதிப்பில் எடுத்த பட்டியலின் பிரதியொன்று பென் டிரைவில் இருந்தது. புதிய பதிப்பு அதைத் திறக்க மறுத்தது.

மூன்று நாற்பது பஸ்ஸில் பேசாலைக்குப் போனேன். மென்பொருளை எழுதிய அந்தப் பெண், அங்கே அப்போதுதான் தொடங்கிய தூறலுக்கு, முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, பழைய பதிப்பை நான் அழிச்சுப்போட்டன்."

"நீங்கள் அழிச்சது உங்கட கணினியில ஐயா. நான் மாத்துற ஒவ்வொரு தரமும் முந்தினது என்னட்ட அப்பிடியே இருக்கும். எத்தினையாம் பதிப்பு வேணும்? எண்ணி வச்சிருப்பியள்தானே."

"ஏழாவது."

மடிக்கணினியைத் திறந்தாள். மாற்றங்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் திகதியும், ஏன் மாற்றினாள் என்று ஒரு வரியும் இருந்தன. ஏழாவது பதிப்பை மீட்டு ஓட்டினாள். பென் டிரைவிலிருந்த பிரதி திறந்தது. 412. கொடுவா வீட்டுத் தாயும் மற்ற எட்டுப் பேரும் தங்கள் பட்டப்பெயர்களோடு இருந்தார்கள்.

அப்போதுதான் எட்டாவது பதிப்புக்கு எழுதியிருந்த வரியைக் கண்டேன்: 'பட்டப்பெயர் நீக்கம். ஐயா கேட்டதால். வேண்டாமென்று சொன்னேன்.'

சொல்லியிருந்தாள்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்த வரியை எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம் ஐயா. எடுத்தா, பிறகு வாற ஆளும் இதையே செய்யச் சொல்லுவார்."

வரியை அப்படியே விட்டுவிட்டு, 412 பெயர்களையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் ஒன்பதரைக்குப் பட்டியல் கச்சேரியில் இருந்தது.

ஒன்பது குடும்பங்களின் வீட்டைப் பறிக்கப் பார்த்த என் பிழைக்கு நான் கொடுத்த மொத்த விலையை நினைத்தால் இன்றும் கூசுகிறேன்: போக வர பஸ்ஸுக்கு எழுபத்தாறு ரூபாய்.