விடியற்காலைத் தட்டல்

தருமபுரியில் ஏரியை ஒட்டி, மூடிப்போன நூல் மில்லின் லைன் வீடுகள் இருக்கின்றன. வாடகை குறைவு என்பதால் கைக்குழந்தையோடு அங்கே குடிபோனோம். கண்டக்டரான என் கணவர் சித்தேரி பஸ்ஸில் போனால் மலையிலேயே தங்கி மறுநாள்தான் வருவார்.

பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா தினமும் காலை ஐந்து மணிக்கு எங்கள் பொதுச்சுவரை மூன்று முறை தட்டுவார். மில் ஓடிய காலத்தில் முதல் ஷிப்டுக்கு அப்படித்தான் ஒருவரையொருவர் எழுப்புவார்களாம். சத்தத்தில் என் குழந்தை வீறிட்டு அழும்.

"மில்லே இல்ல, யாரைங்க எழுப்பறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கை பழகிப்போச்சும்மா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

போன மார்கழியில் கணவர் மலையில் தங்கிய ஓர் இரவு, ஏரிக்காற்று தாங்காமல் ஜன்னலை அடைத்து, குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். நினைவு வந்தபோது வாசலில் கிடந்தேன். கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. அக்காவின் மடியில் குழந்தை மெல்லச் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"தட்டுனா பாப்பா அழுவுமே, இன்னைக்கு அழுவல. அதான் எங்க வூட்டுக்காரரை விட்டு கதவ ஒடச்சேன்" என்றார். மூடிய அறையில் கரி அடுப்பு உயிரையே குடித்துவிடும் என்பது டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது எவ்வளவு குளிரானாலும் கரி அடுப்பு வாசலோடு சரி. அக்கா தட்டியதும் நானும் மூன்று முறை தட்டுகிறேன். ஐந்து மணி தாண்டியும் சத்தம் வராவிட்டால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன்.