நண்பனுக்கு லண்டன் பியர் காட்டப் போனது

ஜெர்மனிக்குப் படிக்கப் போய் அங்கேயே எஞ்சினியராக இருந்துவிட்ட என் பள்ளிக்கூட நண்பன், எண்பதுகளின் நடுவில் ஒரு நவம்பர் மாதம் லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தான். வந்த நேரம் முதல் அவன் வாயில் ஜெர்மனிதான். அங்கே ரயில் நேரத்துக்கு வரும், பேக்கரியில் பாண் ருசியாக இருக்கும், வீதியில் ஒரு கடதாசித் துண்டு கிடக்காது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பியரில் கை வைத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"இஞ்சத்தை வெள்ளைக்காரர் சுடு பியர் குடிக்கிறவையாம். உண்மையே மச்சான்?"

"சுடு பியர் இல்லை. நிலவறைக் குளிரிலை வைச்சிருந்து கையாலை பம்ப் பண்ணித் தாறது. நாளைக்கு வா, காட்டிறன்."

என் அலுவலகம், வங்கிகளும் கந்தோர்களும் நிறைந்த லண்டன் சிட்டியில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய பப் ஒன்று. கூட வேலை செய்பவர்களோடு மத்தியானங்களில் போய்ப் போய், ஏல் என்கிற அந்தப் பம்ப் பியர், முதலில் கசந்தது, நாளாக ஆக எனக்குப் பிடித்துவிட்டிருந்தது. அந்த இடத்தைப் பற்றி நான் தொலைபேசியில் அவனுக்கு அளந்து வைத்தது கொஞ்சமல்ல.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா நாளைக்குத்தான் போகவேணுமோ?" என்றாள் மனைவி. சனி, ஞாயிறில் சிட்டியில் பப்புகளைத் திறக்க மாட்டார்கள் என்றேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். தேவாலயம், ஆறு, பாலம் எல்லாம் காட்டிவிட்டுச் சந்துக்குள் திரும்பினால் கதவு பூட்டிக் கிடந்தது. மத்தியானம் பூட்டினால் மாலையில்தான் மறுபடி திறக்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. தெரிந்த சட்டம்தான், நினைவில் வரவில்லை.

"ஜெர்மனியிலை எண்டால்..." என்று தொடங்கினான்.

"தெரியும். நட."

தூறலில் நனைந்தபடி, திறக்கும்வரை சந்து சந்தாக நடந்தோம். திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம். சித்திரம் செதுக்கிய கண்ணாடிகள், மினுக்கிய பித்தளைக் கம்பி, மூலையில் கணகணவென்று நெருப்பு. அவன் வாயை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தான். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனால் கம்பளம் சப்பாத்தில் ஒட்டியது. மாட்டுப்பட்டி மாதிரி ஒரு பழைய வாடையும் வந்தது. மத்தியான நெரிசலில் இதெல்லாம் என் கண்ணிலும் மூக்கிலும் பட்டதில்லை.

பாரில் போய் நின்றேன். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் பார்மன் என் பக்கம் திரும்பினான். வெள்ளைக்காரர்களோடு வரும்போது இப்படி நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு பைன்ட் ஏல் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். நுரையே இல்லை. நண்பன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இதென்ன மச்சான், வினாகிரியே?"

நானும் குடித்துப் பார்த்தேன். பியர் கெட்டுப் போயிருந்தது. சந்தேகமே இல்லை. இரண்டு கிளாசையும் தூக்கிக்கொண்டு போய், இது புளித்துவிட்டது என்று பார்மனிடம் சொன்னேன். அவன் மோந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏல் இப்படித்தான் இருக்கும். பழக்கம் இல்லாவிட்டால் குளிர்ந்த லாகர் பியர் எடுக்கலாமே" என்றான், ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல.

கிளாஸ்களைப் பாரிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"கள்ளு வித்த ஊரிலை பிறந்த எங்களுக்கே புளிப்பெண்டால் என்னவெண்டு சொல்லித் தாறான்?" என்றான் நண்பன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து அதே ஏலை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கிளாசைத் திரும்ப பாரில் வைத்து, "இது செத்துப் போச்சு" என்றார். அவ்வளவுதான். பார்மன் மன்னிப்புக் கேட்டு, கிளாசைத் தொட்டியில் ஊற்றி, பீப்பா மாற்றக் கீழே இறங்கினான்.

நான் எழும்பிப் போய், அவன் மேலே வரும்வரை நின்றேன். "இதைத்தானே நானும் சொன்னேன்" என்றேன்.

"நீங்கள் பாதி குடித்துவிட்டீர்கள்" என்றான்.

என் கிளாஸ் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்து அங்கேதான் இருந்தது. கிழவர் அதைப் பார்த்தார், பார்மனைப் பார்த்தார். "கொடு" என்றார். உடனே இரண்டு புதுப் பைன்ட் வந்தது. நான் கேட்டுக் கிடைக்காதது, அவர் ஒரு சொல் சொல்லிக் கிடைத்தது. அவருக்கு நன்றி சொன்னேன். சொல்லவும் வேண்டியிருந்தது, சொல்ல எரிச்சலாகவும் இருந்தது.

புது பீப்பா ஏலை நண்பன் மெதுவாகக் குடித்தான். "இது நல்லாயிருக்கு மச்சான். உண்மையாய். கசப்புக்குப் பின்னாலை ஒரு வாசம் வருது" என்றான். பிறகு நெருப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, இன்னொன்று எடுப்போமா என்று கேட்டான். நல்ல ஏல்தான் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் என் கிளாசை ஒரு வாயோடு தள்ளி வைத்தேன். அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் ரசித்துக் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவனைக் கேட்டாள்: "எப்பிடியண்ணை, லண்டன் பியர்?"

"அருமை தங்கச்சி. இவன் சும்மா சொல்லேல்லை. ஜெர்மனியிலை இப்பிடி ஒண்டு இல்லை." பூட்டிய கதவு, வினாகிரி, பார்மன் எதையும் அவன் சொல்லவில்லை. மறைத்தான் என்று நான் நினைக்கவில்லை, அவனுக்கு அதெல்லாம் அப்போதே மறந்துபோயிருந்தது. ஜெர்மனியா லண்டனா என்று நான் வாயால் வெல்லாத போட்டியை அன்றைக்கு வென்றிருந்தேன். அதை அனுபவிக்கக்கூட முடியாமல் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கென்ன, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு?" என்றாள்.

"ஒண்டுமில்லை. பசிக்குது, சாப்பாட்டைப் போடும்" என்றேன்.