தாம்பரத்திலிருந்து ஹாம்பர்க் வழியாக ஊரப்பாக்கம்

அத்தாவுல்லாவுக்கு லாரி என்றால் உயிர். லாரியில் ஏறினால் வாந்தி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய ஆயுசில் பெரும்பகுதி ஓடிப்போயிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே நாட்டின் எல்லா ஹைவேக்களையும் பார்த்துவிட்டவர் அவர். எந்த ஊருக்கு வெளியே செக்போஸ்ட், எந்த மலையில் கொண்டை ஊசி வளைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் பெருங்களத்தூருக்குப் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் கையில் எலுமிச்சம்பழம் இருக்க வேண்டும். வாலிபத்தில் லைசென்ஸ் எடுக்கப் போய், டிரைவிங் ஸ்கூல்காரரின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பியவர், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் லாரி ஓட்ட ஆரம்பித்தார். மகள் மெஹ்ரீன் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில், ஐரோப்பாவில்.

கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பிஸ்மி சொல்லித்தான் இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போடுவார். ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தால் ஹாரன் அடிக்க மாட்டார். திரையில் பனி பெய்தால் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வார். மனைவி அஜீசாவும் லேசுப்பட்டவள் இல்லை. "வண்டி ஓட்றப்ப தயிர் வேணாங்க, கண்ணு சொக்கும்" என்று தயிர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தனியாகப் போவதில்லை. முன்னால் இன்னொரு லாரி போகும். அதை ஓட்டுவது மெஹ்ரீன், ஊரப்பாக்கத்தில் இருக்கும் தன் ஃபிளாட்டிலிருந்து. அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான்.

காரணம் தால்ச்சா. மெஹ்ரீனும் அவள் புருஷன் சாஹிலும் புது ஃபிளாட்டுக்குக் குடிபோன அன்று விருந்தை கேட்டரிங்காரனிடம் விட்டிருந்தார்கள். பிரியாணி வந்தது, ரைத்தா வந்தது, தால்ச்சா வரவில்லை. கத்திரிக்காயும் மாங்காயும் எலும்பும் போட்ட அந்தப் பருப்பு இல்லாமல் பிரியாணியைத் தொட்டு அத்தாவுல்லாவுக்குப் பழக்கமில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால், "தால்ச்சா இல்லாம விருந்து போட்றது எந்த ஊரு வழக்கம்" என்று கேட்டுவிட்டார். அன்று விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்த மெஹ்ரீன், "வேணும்னா உங்க வூட்ல பண்ணிச் சாப்பிடுங்க" என்றாள். அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன், உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றார். நானும்தான் என்றாள் அவள். டைப் அடிப்பதைப் பற்றி இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. அதனால் லாரி விளையாட்டின் ஓரத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "டீசல் போட்டாச்சா." "முன்னாடி கேமரா இருக்கு, மெதுவா." "சாப்டீங்களா." அவ்வளவுதான். ஆனால் அது இல்லாத வாரத்தை அத்தாவுல்லாவால் நினைத்துப் பார்க்க முடியாது.

இந்த நிலையில்தான் மெஹ்ரீன் ஒரு நாள் எழுதினாள்: "அடுத்த ஞாயிறு புது வெர்ஷன். நீங்களும் போட்டுடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் ஒரே ரோட்ல வர முடியாது."

அத்தாவுல்லா எதையும் சுத்தபத்தமாகச் செய்கிறவர். புதுப் பாய் விரிப்பதற்கு முன் பழைய பாயைச் சுருட்ட வேண்டும் என்று, பழைய விளையாட்டை முதலில் அழித்தார். பிறகு புதியதைப் போட்டார். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றது. மறுபடி போட்டார். மறுபடி அதையே சொன்னது. அவருக்கு நெஞ்சுக்குள் பழைய டிரைவிங் ஸ்கூல் ஒரு தடவை வந்து போனது.

"லைசென்ஸ் கேக்குது," என்றார் அஜீசாவிடம். "புது வெர்ஷன்ல ரூல்ஸ் டைட் பண்ணிட்டான்."

"இத்தன நாள் சும்மா விட்டதே பெரிசு," என்றாள் அஜீசா.

பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஞாயிறு விடிந்தது. வேறு வழியில்லாமல் அஜீசா மகளுக்குப் போன் போட்டாள். அவர்கள் இருவருக்கும் சண்டை கிடையாது. போன் அஜீசாவின் காதில், அத்தாவுல்லா கம்ப்யூட்டர் முன்னால்.

"ஏங்க, கீழ வலது மூலையில தேதி என்ன போட்டிருக்குன்னு கேக்கறா."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினேழு. அவகிட்ட சொல்லு."

அஜீசா சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "அப்போ எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னு சொல்லுங்கறா."

அத்தாவுல்லா அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இன்னும் நிக்காஹ் நடக்கவில்லை. ஊரப்பாக்கத்தில் அந்தக் கட்டடம் எழும்பவில்லை. அங்கே தேங்கிய மழைத்தண்ணீரில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருக்கும். விருந்துக்கு யாரும் இலை விரிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது.

"தேதிய மாத்தணுமாம். தேதி தப்பா இருந்தா, புதுசா வர்ற எதையும் அது நம்பாதாம்."

மனமில்லாமல் மாற்றினார். மாற்றியதும் விளையாட்டு தானாக ஏற ஆரம்பித்தது. பாதியில் ஒரு தடவை அணைந்து எரிய வேண்டும் என்று கேட்டது. சரி என்று அமுக்கினார். திரை கறுத்தது. திரை கறுத்தால் சுவர் சுவிட்சை அணைப்பது அஜீசாவின் கைப்பழக்கம். போன் காதில் இருக்க, இன்னொரு கை போய் அணைத்துவிட்டது. மீண்டும் போட்டபோது மெஹ்ரீனுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை.

"உள்ள வட்டமா, காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கான்னு பாக்கச் சொல்றா. கரண்ட் இல்லாதப்ப அதுதான் தேதிய ஞாபகம் வச்சிருக்குமாம்," என்றாள் அஜீசா. சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

சூடாகிறது என்று பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, தூசிக்கு ஒரு பழைய துப்பட்டாவைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அத்தாவுல்லா துப்பட்டாவை விலக்கினார். வட்டமாக ஒரு குழி இருந்தது. குழி மட்டும்தான் இருந்தது.

"அஜீசா."

"கம்ப்யூட்டரோடதுன்னு அதுமேல எழுதியா இருந்திச்சி," என்றாள் அவள். அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளுக்குப் பிரியாணி மசாலா அரைத்து பாக்கெட் போடுகிறவள். "தராசு நின்னு போச்சி. பாத்தா இதுக்குள்ள அதே பேட்டரி. ஒரு வேலயும் செய்யாம சும்மா கெடந்திச்சி."

கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி இத்தனை நாளும் சமையல்கட்டில் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தது.

தராசிலிருந்து எடுத்து வந்ததை அவர் ஸ்பூன் காம்பால் அழுத்திப் பொருத்தினார். ஸ்பூன் வழுக்கிப் பக்கத்தில் எதையோ நெம்பியது. அதன் பிறகு பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஒரு விளக்கும் எரியவில்லை.

"இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்கறா," என்றாள் அஜீசா.

"வாக்கு இருக்கு."

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான சொன்னீங்க. தெருவுல நிக்க மாட்டேன்னா சொன்னீங்க."

அப்படித்தான் அத்தாவுல்லா மடியில் பெட்டியும் பக்கத்தில் திரையும் கீபோர்டும் மூக்கில் எலுமிச்சம்பழமுமாக, கோபுவின் ஆட்டோவில் ஜிஎஸ்டி ரோட்டில் போனார்.

"இன்னா பாய், டிவியா," என்றான் கோபு.

"கம்ப்யூட்டர். உள்ள என் லாரி மாட்டிக்கிச்சி."

கோபு கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "சரி பாய். குலுக்காம ஓட்றேன்."

ஃபிளாட் வாசலில் மெஹ்ரீன் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தாள். கீழ்வீட்டு ஜெரூஷாவின் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் தெருவுக்கு வந்திருந்தது. அத்தாவுல்லா ஆட்டோவை விட்டு இறங்காமல் கையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். மெஹ்ரீன் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். "அண்ணா, அந்த டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டச் சொல்லுங்க," என்றாள் கோபுவிடம்.

"பாய், டார்ச்ச இந்தாண்ட காட்டுவியாம்."

"காட்டறேன்னு சொல்லு."

"காட்றாராம்மா." கோபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பாய், உம் பொண்ணுதான இது."

"ஆமா."

"அப்றம் நடுவுல நான் எதுக்கு."

"பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். தால்ச்சா விஷயம்."

"அடப் போ பாய். நான் எதோ சொத்துத் தகராறுன்னு நெனச்சிகினு கீறேன்."

ஸ்பூன் பிடுங்கியிருந்த ஒயரை மெஹ்ரீன் சொருகினாள். விளக்கு எரிந்தது. ஆட்டோவின் பின் சீட்டில் புது வெர்ஷன் மறுபடி ஏற ஆரம்பித்தது. பச்சைக் கோடு முக்கால்வாசி வந்திருக்கும், தெருமுனையில் தண்ணி லாரி ஒன்று திரும்பியது. ஹாரன் அடித்துக்கொண்டே ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றது.

"யோவ், ஆட்டோவ எடுய்யா."

"பிளக்க மட்டும் புடுங்கக் கூடாதுன்னு சொல்லுங்கண்ணா," என்றாள் மெஹ்ரீன்.

குளுக்கோஸ் பாட்டிலோடு நோயாளியை வார்டு மாற்றுவதுபோல் மாற்றினார்கள். கோபு பெட்டியைத் தூக்க, மெஹ்ரீன் ஒயரைத் தூக்க, அத்தாவுல்லா திரையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். ஒயர் எட்டிய இடம் மாடிப்படியின் அடிப்படி. அவர் அதன் முன்னால் தயங்கி நின்றார்.

"உக்காருங்க அங்கிள்," என்றாள் ஜெரூஷா ஜன்னலிலிருந்து. "படிக்கட்டு அசோசியேஷனோடது. அவங்க வீடு ரெண்டாவது மாடில."

உட்கார்ந்தார். பச்சைக் கோடு நிறைந்தது. மெஹ்ரீன் மேலே போய்த் தன் லேப்டாப்பை எடுத்து வந்து, இரண்டு படி மேலே உட்கார்ந்துகொண்டாள். கோபுவின் போனிலிருந்து நெட் வாங்கிக்கொண்டு இரண்டு லாரிகளும் ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்பின. "டீசல் போட்டாச்சா" என்று அவள் டைப் அடித்தாள். "போட்டாச்சு" என்று அவர் கீழ்ப்படியிலிருந்து டைப் அடித்தார்.

தெருவில் தண்ணி லாரி கிளம்பியது. ரிவர்ஸ் எடுக்கிறவன் தப்பாக ஒடிப்பதை அத்தாவுல்லாவால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தலையைத் திருப்பினார். அதே நேரத்தில் ஜெர்மனியில் சிக்னல் விழுந்து, முன்னால் போன லாரி நின்றது.

"அத்தா, பிரேக்கு," என்று கத்தினாள் மெஹ்ரீன்.

டைப் அடிக்க நேரமில்லை. அவர் காலைத் தரையில் ஊன்றி, கையால் பிரேக் பட்டனை அமுக்கினார். லொடக்கென்று ஒரு சத்தம் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் வந்தது.

"போட்டுட்டேன்மா. உன் வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே."

மேல்படியில் மெஹ்ரீன் லேப்டாப்பின் மேல் குனிந்து பார்த்தாள்.

"பின்னாடி லைட்டு போயிடிச்சி," என்றாள் மெஹ்ரீன்.

"இரு, எறங்கிப் பாக்கறேன்."

"இதுல வண்டிய வுட்டு எறங்க முடியாது அத்தா."

"புது வெர்ஷன்லயுமா."

"புது வெர்ஷன்லயும்தான்."

"பின்ன எதுக்கு இவ்ளோ பாடு," என்றார் அத்தாவுல்லா, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே.